மாமா முழுங்கிய மார்ஃபின்

மாமா,

இன்று வார்டில் ஒரு நோயாளியின் பையிலிருந்து இருமல் மருந்து கொட்டிவிட்டது. துடைக்கக் குனிந்தேன். அந்தத் தித்திப்பு வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்தது. எரிச்சலோடுதான் வந்தது. செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் உங்கள் மெடிக்கல் ஷாப்பில் எப்போதும் அதே வாசனைதான். எளாவூர் செக்போஸ்ட்டில் காத்துக்கிடக்கும் லாரிக்காரர்கள் வந்து நிற்பார்கள். போதைக்காகத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்தும், டாக்டர் சீட்டு கேட்காமலேயே கோடீன் கலந்த இருமல் சிரப்பை எடுத்து நீட்டுவீர்கள். அதே கையால்தான், உங்கள் அக்காவுக்கு, என் அம்மாவுக்கு, சென்னை டாக்டர் வலியை அடக்க மார்ஃபின் எழுதிய சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டீர்கள். புற்றுநோய் முற்றி, வலி பொறுக்காமல் அவள் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா வெளாட்றியா? இது போதை மருந்து. ஊட்ல வச்சிருந்தா போலீஸ் இட்டுக்கினு பூடும். அக்கா இதுக்கு அடிமையாயிடும்."

பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த நான் அழுது பார்த்தேன். அம்மாவோ, "தம்பி மருந்துக்கடை வச்சிக்கினு கீறான், அவனுக்குத் தெரியாதா?" என்றாள். நீங்கள் கொடுத்த காய்ச்சல் மாத்திரைகளை விழுங்கியே செத்துப்போனாள்.

நர்சிங் சேர்ந்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஒரு மருந்தால் நோயாளிக்கு எவ்வளவு பயன், அது எந்த அளவுக்கு ஆளை அடிமையாக்கும் என்று இரண்டையும் பார்த்துத்தான் வகை பிரிக்கிறார்கள். மருத்துவத்துக்கு உதவாததை அடியோடு தடுக்கிறார்கள். மார்ஃபினைப் பூட்டித்தான் வைக்கிறார்கள், ஆனால் டாக்டர் எழுதினால் எடுத்துக் கொடுக்கிறார்கள். நீங்கள் கேள்வியில்லாமல் விற்ற கோடீனும் அதே அபினிக் குடும்பம்தான். அதற்கு மட்டும் போலீஸ் பயம் எங்கே போயிற்று?

பிறகு உங்களுக்கே தாடையில் புற்றுநோய் வந்தது. திருவள்ளூரில் என் வார்டுக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். மார்ஃபின் மாத்திரையை நீட்டியபோது என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஏம்மா, இத்த சாப்ட்டா அடிமையாயிட மாட்டனே?"

"டாக்டர் அளவாத்தான் எழுதிகீறாரு மாமா. நான் பாத்துக்கறேன், முழுங்குங்க."

ஒரு வேளைகூடத் தள்ளிப்போடாமல் கடைசிவரை கொடுத்தேன். பாசத்தால் அல்ல, அது என் வேலை.

முதல் நாள் மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் தூங்கிப்போனீர்கள். கட்டிலருகே நின்று பார்த்தேன். தூக்கத்தில் உங்கள் முகம் அப்படியே அம்மாவின் முகம். வலியில்லாமல் அவள் தூங்கினால் எப்படி இருந்திருப்பாள் என்பதை உங்களிடம்தான் நான் பார்க்க வேண்டியிருந்தது. அதற்காகவே உங்களை இன்றுவரை மன்னிக்கவில்லை, மாமா.