நீ விட்டுப்போன கடைசிக் குட்டி

தம்பி,

இன்று காலை அடுக்களை மூலையில் கிடந்த உன் பூச்சாக்கைத் துவைக்க எடுத்து நனைத்தேன். தண்ணீர் பட்டதும் வாசம் கிளம்பிவிட்டது. பாதி மல்லிகை, பாதி நாய்க்குட்டி. உன் சட்டையில் எப்போதும் அடிக்கிற அதே வாசம். குழாயை மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தைத்த ரவிக்கையை வாங்க வந்த பெண் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

நிலக்கோட்டையில் பூ ஏற்றித் திண்டுக்கல்லில் இறக்கிவிட்டு வருவாய். உன் வேன் என்றைக்கு வெறுமனே வீட்டுக்கு வந்தது? ரோட்டோரம் தாய் அடிபட்டுச் செத்துக் கிடக்க, பக்கத்தில் கத்திக்கொண்டிருந்த குட்டிகளைப் பூச்சாக்கில் சுருட்டிக்கொண்டு வருவாய். "ஏலே, இது வீடா, நாய்ப்பட்டியா?" என்று கத்துவேன். "செத்த நேரம் பொறுக்கா, ஆளு வந்துருவாங்க" என்பாய். உன் செத்த நேரம் ஒரு மாதம் ஓடும். அதற்குள் ஒன்று ஊரார் துணியில் மூத்திரம் பெய்திருக்கும், இன்னொன்று என் அளவு டேப்பைத் தின்றிருக்கும். நீ பால் கலக்கிக்கொண்டே சிரிப்பாய்.

குட்டி கேட்டுப் போன் பண்ணுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். கடுவனா, பெட்டையா? வெள்ளையா? ராஜபாளையம் கிராஸா? போட்டோ அனுப்புங்கள். நீ மட்டும் அசைய மாட்டாய். "போட்டோ கெடையாதுங்க. நேர்ல வந்து குட்டிகளோட தரையில உக்காருங்க. எது ஒங்ககிட்ட வருதுன்னு பாப்போம்."

பாதிப் பேர் கோபித்துக்கொண்டு வைத்துவிடுவார்கள். "ஒரு போட்டோ அனுப்புனா என்னடா கொறஞ்சு போயிருவ?" என்று ஒருநாள் சண்டை போட்டேன். "போட்டோவப் பாத்துத்தானக்கா எனக்கு மூணு வீட்டுல பொண்ணு இல்லைன்னாங்க? நேர்ல வந்து செத்த நேரம் பேசியிருந்தா என்னைய விட்டிருப்பாங்களா?" என்று அந்த மாறுகண்ணைச் சிமிட்டினாய்.

அந்த வெள்ளைக் குட்டிக்கு எம்புட்டுப் போட்டி! அகரத்துத் தோப்புக்காரர் காவலுக்கு அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நீ ஒரு தட்டைத் தரையில் டமாரென்று போட்டாய். வெள்ளை நடுங்கிக்கொண்டு என் தையல் மிஷினுக்கு அடியில் ஓடி ஒளிந்தது. காது மடங்கிய கறுப்பு மட்டும் தட்டை மோந்து பார்க்க வந்தது. "அழகு தோப்பக் காக்காதுங்க" என்று கறுப்பைக் கொடுத்தனுப்பினாய். வெள்ளை, சத்தமே இல்லாத ஒரு வாத்தியார் வீட்டுக்குப் போனது. இரண்டும் இன்றுவரை நன்றாக இருக்கின்றன.

இத்தனை தெரிந்த உனக்கு உன் உடம்பு தெரியவில்லையே, பாவி! ஒரு குட்டிக்கு உண்ணி பிடித்தால் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுவாய். நெஞ்சு வலிக்கிறது என்று நீயே சொன்னாயே, டாக்டரிடம் காட்டு என்று எத்தனை தடவை கெஞ்சினேன்? "நாளைக்குப் போறேங்க்கா, இன்னைக்குக் குட்டிக்கு ஊசி." பூ மூட்டையை ஏற்றும்போதே சரிந்துவிட்டாய் என்று போன் வந்தது. அன்று ஊசி போட்ட குட்டி என் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

கடைசியாக நீ கொண்டுவந்ததுகளில் மிஞ்சியது அது ஒன்றுதான். சாம்பலும் துருவும் கலந்த நிறம், கீழ்ப்பல் வெளியே துருத்திய பெட்டை. அதை யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன். உன் கை பட்ட ஒரு உயிராவது வீட்டில் இருக்கட்டும் என்றுதான். ஆனால் அதற்கு என் வீடு பிடிக்கவில்லை, தம்பி. மிஷின் சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். மற்ற நேரமெல்லாம் வாசல் கேட்டில் மூக்கை வைத்து முனகும். மடியில் தூக்கி வைத்தால் நழுவி ஓடும்.

போன வாரம் ரெட்டியார்சத்திரத்திலிருந்து ஒருத்தி புருஷனோடு வண்டியில் வந்தாள். கத்தரித் தோட்டம் வைத்திருக்கிறார்களாம். "அந்த அண்ணே நேர்ல வந்து உக்காரச் சொன்னாருக்கா. அறுவடை, இத்தன நாளா வர முடியல" என்றாள். நீ இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குட்டியெல்லாம் போயிருச்சும்மா" என்று பொய் சொன்னேன். உள்ளேயிருந்து அது குரைத்தது. குரைத்ததோடு விட்டதா? ஓடிவந்து, தரையில் உட்கார்ந்துவிட்ட அவள் காலில் ஒட்டியிருந்த மண்ணை நக்கியது. மடியில் ஏறியது. சுருண்டு தூங்கியே போய்விட்டது.

"இதையா? பல்லு தெரியுதே" என்றான் புருஷன்.

"சும்மா இருங்க. அது தூங்குது" என்றாள் அவள், தாழ்ந்த குரலில்.

முடியாது, எழுந்து போ என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் உன் கணக்குப்படி அது அவளுடைய குட்டி. நீ இருந்திருந்தால் யோசித்திருக்கவே மாட்டாய்.

நானே தூக்கிக்கொண்டு போய், வண்டியில் ஏறிய அவள் கையில் கொடுத்தேன். வண்டி திரும்பும்போது அது என்னைப் பார்க்கும் என்று தெருவிலேயே நின்றேன். அது காற்றில் மூக்கை நீட்டிக்கொண்டு முன்னால் பார்த்தபடியே போய்விட்டது. அங்கே சந்தோஷமாக இருக்குமடா, எனக்குத் தெரியும்.

இனி உன்னுடையது என்று என்னிடம் இருப்பது உன் மேலுள்ள கோபம் ஒன்றுதான். அதை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

அக்கா