கோப்பையின் அடியில் எள்

மாமா,

செம்மேட்டில் உங்கள் பேக்கரிக்கு வெள்ளையடிக்கிறார்கள். அலமாரிக்குப் பின்னால் கிடந்த பழைய ரஸ்க் டின்னை நேற்று அத்தை என் கையில் கொடுத்து, “இது உங்க ரெண்டு பேரு சமாச்சாரம் கண்ணு, நீயே வெச்சுக்க” என்றார். இன்று காலை மூடியைத் திறந்தேன். வறுத்த எள், மிளகு, கொஞ்சம் விறகுப் புகை எல்லாம் கலந்த வாசனை. செய்தித்தாளில் சுற்றி உள்ளே சாமை மாவில் சுட்ட கோப்பை ஒன்றே ஒன்று இருந்தது. அதன் அடியில் உங்கள் கட்டைவிரல் அழுத்திய குழி. மார்கழியில் நீங்கள் கடைசியாகச் சுட்டதில் மிஞ்சியது.

நீங்கள் எங்களுக்குச் சொந்தம் இல்லை. மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே வந்து பேக்கரி போட்டவர். ஊரே மாமா என்று கூப்பிட்டதால் நானும் கூப்பிட்டேன். நமக்குள் உறவு என்று ஏதாவது தொடங்கியது என்றால், அது போன ஆடியில்தான்.

அருவிக்குப் படி இறங்கும் இடத்தில் அம்மா முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்கிறாள். பொங்கல் விடுமுறைக்குள் காகிதக் கப்பும் பிளாஸ்டிக் கப்பும் அங்கே இருக்கக் கூடாது, இருந்தால் கடையை எடுத்துவிட வேண்டும் என்று வனத்துறை ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. படியோரம் முழுக்கக் கப்புகள்தான் கிடந்தன; குரங்குகள் அவற்றை நக்கிக்கொண்டு திரிந்தன. ஆனால் எவர்சில்வர் டம்ளர் வைத்தால் கழுவத் தண்ணீர் வேண்டும். அங்கே குடிக்கிற தண்ணீரையே அம்மா தலையில் சுமந்துதான் கொண்டுவருகிறாள். எங்கள் காட்டில் விளைகிற சாமை சாப்பாட்டுக்குச் சரியாய்ப் போகும். மற்றதற்கெல்லாம் அந்தக் கடைதான்.

எங்கோ ஓர் ஊரில் மாவைக் கோப்பையாகச் சுட்டு, குடித்தபின் அதையே தின்கிறார்கள் என்று பள்ளி நூலகத்துப் பத்திரிகை ஒன்றில் படித்திருந்தேன். அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு உங்களிடம் ஓடிவந்தேன். நீங்கள் கண்ணாடியைப் போட்டுப் படத்தை வெகுநேரம் பார்த்தீர்கள்.

“சூப்பையும் குடிச்சுப்போட்டு டம்ளரையும் திங்கறதா? அவன் பல்லு போச்சுன்னா நானா கண்ணு கட்டித் தர்றது?” என்றீர்கள். ஆனால் அன்று மாலையே மாவு பிசைந்துவிட்டீர்கள்.

மைதாதான் வேண்டும் என்றீர்கள் நீங்கள். சாமைதான் வேண்டும் என்றேன் நான். உங்கள் மைதாக் கோப்பை பன் மாதிரி உப்பி, சூப்பை ஊற்றியதும் தானே குடித்துவிட்டது. என் சாமைக் கோப்பை அச்சிலிருந்து எடுக்கும்போதே புற்றுமண் போல உதிர்ந்தது. அச்சு என்ன அச்சு, இரண்டு டம்ளர்தான்: பெரியதற்குள் சிறியதை வைத்து நடுவில் மாவு. ஒருமுறை அடிப்பாகம் மட்டும் கழன்று, கொதிக்கிற சூப் உங்கள் வேட்டியில் கொட்டியது. அத்தை உள்ளேயிருந்து எட்டிப்பார்த்து, “கோப்பையத் திங்கறதுக்கு முன்னால அது உங்களத் தின்னுபோடும்” என்றார்.

களியிலிருந்துதான் வழி பிறந்தது. மாவைக் கொதிக்கும் நீரில் போட்டால்தான் களி திரளும் என்பது எங்கள் வீட்டில் யாரும் யோசித்துப் பார்க்காத விஷயம். சூடு பட்டால் மாச்சத்து ஊறிப் பசையாகும் என்று பாடப்புத்தகமும் சொன்னது. வெந்நீர் ஊற்றிப் பிசைந்தோம். கொஞ்சம் கேழ்வரகும் சேர்த்தோம். கோப்பை நின்றது, ஆனால் சூப் கசிந்தது. அப்போது நீங்கள் வெந்த கோப்பைகளை மறுபடியும் அடுப்புக்குள் தள்ளினீர்கள், ரஸ்க்கை இரண்டாம் முறை காயவைப்பது போல.

அடுத்த நாள் சூப்பை ஊற்றிவிட்டு இருவரும் கோப்பையின் அடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆவி அடங்கும்வரை ஒரு சொட்டும் கீழே விழவில்லை.

“உங்க ஊட்டுக் களிக்கும் என்ற கடை ரஸ்க்குக்கும் கல்யாணம் முடிஞ்சுது. இனி அதுக பொழப்பு அதுக கையில” என்றீர்கள்.

சந்தை நாளில் உங்கள் கடையிலேயே அவற்றில் டீ ஊற்றிக் கொடுத்தோம். எங்கள் மலைக்காரர்கள் எல்லோரும் குடித்துவிட்டுக் கோப்பையைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். கடித்துச் சாப்பிடுங்கள் என்று சொன்னால், பேக்கரிக்காரர் கிண்டல் செய்கிறார் என்று சிரித்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் குடித்த பாத்திரத்தை எச்சிலோடு கொடுக்கக் கூடாது என்று குழாயடிக்குக் கொண்டுபோய்த் தேய்த்துக் கழுவியிருக்கிறார். அது அவர் கையிலேயே கரைந்துவிட்டது. கடைப் பக்கம் திரும்பாமலே போய்விட்டார். அடுத்த சந்தைக்குத் தோளில் ஒரு பலாப்பழத்தோடு வந்து நின்றார்.

“உங்க கோப்பைய ஒடைச்சுப்போட்டனுங்க. மனசு கேக்கல. இத வெச்சுக்கோங்க.”

நீங்கள் சிரிக்கவில்லை. பழத்தை வாங்கிக்கொண்டு, ஒரு புதுக் கோப்பையை எடுத்து அவர் முன்னாலேயே கடித்துத் தின்று காட்டினீர்கள். அவர் முகத்தைப் பார்த்துத்தான் நான் சிரித்தேன்.

அருவிப் படியில் நடந்தது வேறு. தீபாவளி விடுமுறைக்கு வந்தவர்கள் கோப்பையின் விளிம்பைக் கடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பாதிக்கு மேல் தின்றவர்கள் குறைவு. மிச்சத்தைப் படியில் போட்டார்கள், பின்னால் வந்தவர்கள் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு போனார்கள். மாலையில் படிகளில் சாமைத் தூள் அப்பிக் கிடந்தது.

எங்கள் பக்கம் களத்துக்குள் செருப்போடு போகமாட்டோம். சிந்திய தானியம் காலில் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். இது பிறந்தது முதல் எனக்குத் தெரியும். ஆனால் கோப்பை நிற்க வேண்டும், கசியக் கூடாது என்று நினைத்த எனக்கு, அது கீழே விழும் என்று தோன்றவே இல்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உங்களிடம் சொன்னாள்:

“பேப்பர் கப்புன்னா அது குப்பை, மிதிச்சா மிதிக்கட்டும். இது சாமைங்க. இத மிதிக்க விட்டு வர்ற சோறு எனக்கு எறங்காதுங்க. பொங்கலோட கடைய எடுத்துப்போடறேன்.”

நீங்கள் செருப்பைக் கழற்றி வைத்தீர்கள். கூடையை எடுத்துக்கொண்டு, வலிக்கிற முட்டியோடு படி படியாக இறங்கி ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினீர்கள். நானும் பின்னால் வந்தேன். கூடை நிறைந்ததும் அதிலிருந்து ஓர் அடித்துண்டை எடுத்துத் தட்டிப் பார்த்தீர்கள்.

“அவங்களக் குத்தம் சொல்லி என்ன கண்ணு? எல்லா ருசியும் விளிம்புல வெச்சுப்போட்டோம். அடி மொத்தமா, சப்புனு இருக்குது. கடைசி வாயில ஒண்ணுமே வெக்காம, கடைசி வரைக்கும் தின்னுன்னா எவன் தின்பான்?”

அதற்குப் பிறகுதான் அடி மெலிந்தது, கோப்பை சிறுத்தது. பச்சை மாவின் அடியில் கட்டைவிரலால் ஒரு குழி அழுத்தி, அதில் வறுத்த எள்ளும் மிளகும் உப்பும் வைத்து, மேலே மெல்லிய மாவால் மூடி, குழி தெரியும்படி மறுபடியும் விரலால் அழுத்தினீர்கள். பொங்கலுக்கு ஒரே ஒரு தடவை பார்க்கிறேன் என்று அம்மாவும் இறங்கிவந்தாள்.

மார்கழியில் அரையாண்டுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். அடுப்பைப் பற்றவைக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள் என்று சொன்னார்கள். நான் வந்து சேர்வதற்குள் காரவள்ளிக்குக் கொண்டுபோக உங்களை வேனில் ஏற்றிவிட்டார்கள். பனிக்குள் கொண்டையூசி வளைவுகளில் அது இறங்கிப் போவது மேலேயிருந்து கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

காரியம் முடிந்து திரும்பி வந்த அத்தை, பொங்கலுக்கு முன்பு என்னைக் கூப்பிட்டனுப்பினார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. “உங்கம்மாளுக்கு அவரு சொன்ன சொல்லு இருக்குதல்ல” என்றார். அவர் பிசைந்தார், நான் அழுத்தினேன். என் விரல் சிறியது. உங்கள் குழியில் பிடித்த எள் என் குழியில் பிடிக்கவில்லை. இரண்டு முறை அழுத்தினேன்.

பொங்கல் கூட்டம் முடிந்த மாலையில் அம்மா செருப்பில்லாமல், கூடையோடு தனியாகப் படியிறங்கினாள். என்னை வர வேண்டாம் என்றாள். நான் கடையருகே நின்று, படித்த பாடங்களையெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன், எதுவும் நிற்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து மேலே வந்தவள் கூடையைச் சாய்த்துக் காட்டினாள். கொஞ்சம் துண்டுகள் இருந்தன. எல்லாம் விளிம்பு.

“அடி ஒண்ணும் கெடக்கல. ஒரு கொரங்கு முழுசா ஒண்ணத் தூக்கிட்டுப் போச்சு. அதுவும் அடியத்தான் மொதல்ல கடிக்குது” என்றாள். பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு, “உங்க மாமாகிட்ட யாரு சொல்லுவா?” என்றாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கடை இருக்கிறது மாமா. இப்போதும் மாலையில் கூடையோடு இறங்குகிறோம். சில நாள் கொஞ்சம் கிடக்கும், சில நாள் ஒன்றும் இராது.

டின்னில் இருந்த கோப்பையைக் காலையில் புத்தக அலமாரியில்தான் வைத்தேன், கண்ணாடிக்குப் பின்னால், யாரும் தொடாதபடி. பள்ளிக்குப் போகும் வழியில் அந்தப் பலாப்பழப் பெரியவர் நினைவுக்கு வந்தார். நானும் கழுவி வைக்கத்தானே பார்க்கிறேன்.

மாலை அதை அம்மாவிடம் எடுத்துப்போய்ச் சூப் ஊற்றச் சொன்னேன். அம்மா குழியைப் பார்த்ததும் யார் விரல் என்று கேட்கவில்லை. கொஞ்சம் பழசாகியிருந்தாலும் கசியவில்லை. குடித்தேன். விளிம்பைத் தின்றேன். சுற்றுச் சுவரைத் தின்றேன். கடைசியில் உள்ளங்கையில் அடி மட்டும் இருந்தது. உங்கள் குழியில் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் இன்னும் இடம் இருந்தது. எவ்வளவு ஆழம் என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு அதையும் தின்றேன். எள் நன்றாக வறுபட்டிருந்தது.