பதினைந்து திரைகளும் ஒரு சாய்ந்த கோடும்

ஏப்ரல் 22, 2008, செவ்வாய்

கணக்குப் பரீட்சையோடு ஒன்பதாம் வகுப்பு முடிந்தது. வீட்டுக்குப் போகாமல் நேராக அத்தாவின் இரும்புலியூர் கடைக்குப் போனேன். ஜன்னல், கதவு, கண்ணாடித் தடுப்பு என்று எப்போதும் ஏதாவது ஒரு சட்டம் அங்கே சுவரில் சாய்ந்திருக்கும். இன்று அத்தா கையில் சட்டத்துக்குப் பதில் ஒரு கத்தைத் தாள் இருந்தது.

நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ். பதினைந்து திரைகளை வரிசைக்கு ஐந்தாக, மூன்று வரிசை அடுக்கி ஒரே சுவராக நிறுத்த வேண்டுமாம். அதற்கு ஸ்டாண்டு செய்ய அத்தாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"எல்லாம் இங்கிலீஷா இருக்கு. படிச்சு சொல்லு பாப்பா" என்றார்.

படித்தேன். ஒவ்வொரு திரையின் முதுகிலும் நான்கு ஓட்டைகள், ஒன்றுக்கொன்று நூறு மில்லிமீட்டர் தள்ளி. அகலம், உயரம், எடை. அத்தாவுக்கு வேண்டியதை மட்டும் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். வேண்டாத வரிகளை விட்டுவிட்டேன்.

பட்டறையில் வெல்டிங் செய்யும் துரைராஜ் அண்ணன் எட்டிப் பார்த்தார். "பதினஞ்சு டிவியையும் ஒண்ணா குந்த வெச்சு இன்னா பண்ணப் போறாங்கோ? பதினஞ்சு சேனலா?"

எனக்கும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது இவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் தெரியாது.

ஏப்ரல் 24, வியாழன்

ஒரு திரையில் 1600 பெருக்கல் 1200 புள்ளிகள். அப்படிப் பதினைந்து. மூன்று முறை போட்டுப் பார்த்தேன்: இரண்டு கோடியே எண்பத்தெட்டு லட்சம். சோறு தட்டில் ஆறிப்போனதற்கு அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

நாவலூருக்குப் போனேன். நான். வேனில், அத்தாவுக்கும் டிரைவருக்கும் நடுவில். பின்னால் ஸ்டாண்டு, அதைப் பிடித்தபடி துரைராஜ் அண்ணன். ஓட்டைகளின் அளவைச் சரிபார்க்க நான் வேண்டும் என்று அத்தா சொன்னார். வேண்டியதில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

வாசலில் செக்யூரிட்டி புத்தகத்தில் 'வந்த காரணம்' என்று ஒரு கட்டம். யோசித்து 'வேலை' என்று எழுதினேன்.

மாளவிகா அக்காதான் அந்தச் சுவருக்குப் படம் வரையும் புரோகிராம் எழுதுகிறார். ஜீன்ஸ், பெரிய கண்ணாடி, காதோரம் பேனா. எதைக் கேட்டாலும் பதில் சொல்கிறார். எட்டுக் கம்ப்யூட்டர்கள் சேர்ந்து இந்தச் சுவரை ஓட்டுமாம். ஒவ்வொன்றும் இரண்டு திரையைப் பார்த்துக்கொள்ளும்.

"அப்போ எட்டாவதுக்கு ஒரு திரைதானே அக்கா?"

"ஆமா. அது கொஞ்சம் சோம்பேறி" என்றார்.

அவருடைய மேலதிகாரி பத்ரி சார். மீசையைத் தடவிக்கொண்டே இரண்டு கோடியே எண்பத்தெட்டு லட்சம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறார். என்னிடமும் சொன்னார். "தெரியும் சார், பெருக்கிப் பார்த்தேன்" என்றேன். மீசையை விட்டுவிட்டார். பிறகு அக்காவிடம், "படத்துல ஒரு புள்ளிகூட ஒளியக்கூடாது மாளவிகா. எல்லாம் தெரியணும். அதுக்குத்தானே இவ்ளோ பெரிய சுவர்" என்றார்.

மே 3, சனி

இன்று சுவர் உயிர் பெற்றது.

பதினைந்து திரைகளும் மாட்டியாயிற்று. ஒவ்வொன்றுக்கும் விளிம்பில் கறுப்புச் சட்டம் இருப்பதால், ஒட்டி நின்றாலும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை தெரிகிறது. முதலில் கட்டம் போட்ட படம். வெள்ளைக் கோடுகள் படுக்கையாகவும் நெட்டாகவும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை. எல்லாம் நூல் பிடித்த மாதிரி. அத்தா ரசமட்டத்தை எடுத்து ஒவ்வொரு வரிசையிலும் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவிலேயே நின்றது.

பிறகு அக்கா ஒரு வண்டின் கண்ணைக் காட்டினார். என் உயரத்தை விட அகலமான கண். பக்கத்தில் போய் மூக்கை வைத்துப் பார்த்தேன், மங்கவே இல்லை. கண்ணுக்குள் ஆயிரம் அறுகோணம், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு முடி. ஓடிப்போய்த் தூரத்தில் நின்றேன். திரும்ப ஓடிவந்தேன். எத்தனை முறை என்று தெரியாது. துரைராஜ் அண்ணன், "இன்னா பாப்பா, ஸ்போர்ட்ஸ் டேயா?" என்றார்.

இன்னும் இருக்கிறதாம். ஒரு கப்பலின் எஞ்சின் அறை. கப்பலில் வேலைக்குப் போகிறவர்கள் கரையிலேயே அதற்குள் நடந்து பழகுவதற்காக. தலையில் ஒரு தொப்பி, தொப்பியில் இரண்டு குட்டி விளக்கு. கூரையிலிருக்கும் கேமரா அந்த விளக்கைப் பார்த்து நம் தலை எங்கே என்று கண்டுபிடிக்கும். நாம் குனிந்தால் படமும் அதற்கேற்ப மாறும். குழாய்க்குப் பின்னால் என்ன என்று எட்டிப் பார்க்கலாம். இல்லாத குழாய்க்குப் பின்னால். பதினாறாம் தேதி கப்பல் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள்.

நூலகத்தில் எடுத்த மூன்று புத்தகங்களும் தொடாமல் கிடக்கின்றன. மன்னிக்கட்டும்.

மே 6, செவ்வாய்

எப்படி எழுதுவது?

சுவரில் கப்பல் வந்தது. அறை நிறைய இரும்பு ஏணிகள், சாய்ந்த படிகள். கறுப்புப் பட்டை வரும் இடத்திலெல்லாம் ஏணி உடைந்து நின்றது. பட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டு, அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து இன்னொரு துண்டு. வட்டமாக இருக்க வேண்டிய சக்கரம் நசுங்கிய தகர டப்பா மாதிரி இருந்தது.

பத்ரி சார் வெகுநேரம் பார்த்தார். "பாய், உங்க ஸ்டாண்டு கோணல்."

"இருக்காது சார். மட்டம் வெச்சுப் பாத்துட்டேன்."

"கண்ணு முன்னாடி உடைஞ்சு நிக்குதே பாய். அளவுல எங்கியோ தப்பு."

அப்போதுதான் அத்தா சொன்னார்: "அளவப் படிச்சது என் பொண்ணு சார். அது தப்பாப் படிக்காது."

சார் என்னைப் பார்த்தார். பதினான்கு வயதுப் பெண்ணை ஒருவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. அடுத்த புதன், பதினான்காம் தேதிக்குள் நேராகவில்லை என்றால் கழற்றி எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். கிண்டியிலிருந்து வேறு ஆள் வருவாராம்.

இருபத்தொரு வருஷத்தில் அத்தா செய்த ஒரு சட்டம்கூடத் திரும்பி வந்ததில்லை. நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனா? நூறா, நூற்றொன்றா? அந்தத் தாள் ஆபீஸில் மாட்டிக்கொண்டது. இப்போது பார்க்கவும் முடியாது.

மே 7, புதன்

அத்தாவிடம் கேட்கத் தைரியம் இல்லை.

மே 11, ஞாயிறு

ஆபீஸ் விடுமுறை. மாளவிகா அக்கா எங்களுக்காகவே வந்து கதவைத் திறந்துவிட்டார். பதினைந்தையும் கழற்றினோம். முதல் காரியமாக அந்தத் தாளைத் தேடி எடுத்து, ஓட்டைகளை நானே ஸ்கேல் வைத்து அளந்தேன். நூறு. நூறு. நூறு. அறுபது ஓட்டைகளும். மாடிப்படியில் போய் உட்கார்ந்து கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன். நிம்மதியில் அழுவது வேறு மாதிரி இருக்கிறது, மூக்கு அடைப்பதில்லை.

திரும்ப மாட்டினோம். ஏணி அப்படியேதான் உடைந்து நின்றது.

"அண்ணே, குமிழி நட்ட நடுவுல குந்திகினு கீது. அதவிட நேரா இன்னா வேணுமாம் இவங்களுக்கு? பேஜாரா கீது" என்றார் துரைராஜ் அண்ணன்.

அத்தா ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கனவே சுத்தமாக இருந்த ஸ்பேனர். "கிண்டிக்காரன் வந்தா வரட்டும். அவன் வந்து இத எப்படி நேராக்கறான்னு நான் பாக்கணும்" என்றார். ஆனால் குரல் அவருடையது இல்லை.

தாளை மட்டும் கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

ஒன்று இடிக்கிறது. ஸ்டாண்டு கோணல் என்றால் அன்றைக்கு அந்தக் கட்டம் எப்படி நேராக வந்தது? படுத்த கோடு உடையவில்லை. நின்ற கோடு உடையவில்லை. சாய்ந்த கோடு மட்டும் உடைகிறது. ஏன் சாய்ந்தது மட்டும்?

மே 12, திங்கள்

மெதுவாக எழுது ஷபீனா. ஒவ்வொன்றாக.

அம்மா ஊறுகாய் ஜாடியோடு தன் தங்கை, ஊரப்பாக்கம் சாச்சி வீட்டுக்கு அனுப்பினாள். தாம்பரத்தில் ரயில் ஏறினேன். வண்டலூரில் சிக்னலுக்காக ரயில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே விளம்பரப் பலகைக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், பலகையில் ஒரு ஏணி சாய்ந்திருக்கிறது. ஜன்னலின் குறுக்குச் சட்டம் அந்த ஏணியை மறைத்தது. சட்டத்துக்கு மேலே கொஞ்சம் ஏணி, கீழே கொஞ்சம் ஏணி. உடைந்த மாதிரியே இல்லை. ஒரே ஏணி.

ஏன்? இங்கேயும் நடுவில் பட்டைதானே?

ஏனென்றால் சட்டத்துக்குப் பின்னால் ஏணி இருக்கிறது. நமக்குத் தெரியாமல் அது சாய்ந்துகொண்டேதான் போகிறது. வெளியே வரும்போது கொஞ்சம் தள்ளி வருகிறது. எங்கள் சுவரிலோ பட்டைக்குப் பின்னால் எதுவுமே இல்லை. ஒரு புள்ளிகூட ஒளியக்கூடாது என்று படத்தை அப்படியே வெட்டி, துண்டுகளை விலக்கி வைத்திருக்கிறார்கள். பட்டைவரை வந்து நின்ற ஏணி, பட்டையைத் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறது. படுத்த கோட்டுக்கும் நின்ற கோட்டுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. சாய்ந்த கோடு மாட்டிக்கொள்ளும்.

ரயில் கிளம்பியது தெரியவில்லை. ஊரப்பாக்கத்தைத் தாண்டிக் கூடுவாஞ்சேரியில் இறங்கினேன். ஜாடியோடு.

சாச்சி வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கடைக்கு ஓடிவந்தேன். ஒரு காகிதத்தில் சாய்வாகக் கோடு போட்டேன். அதன் மேல் அத்தாவின் இரும்பு ஸ்கேலை வைத்தேன். "உடைஞ்சிருக்கா அத்தா?" "இல்ல." அதே காகிதத்தை வெட்டி, இரண்டு துண்டையும் ஸ்கேல் அகலத்துக்கு விலக்கி, நடுவில் ஸ்கேலை வைத்தேன். கோடு உடைந்தது. சுவரில் உடைந்த மாதிரியே.

அத்தா காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பக் காகிதத்தைப் பார்த்தார்.

"நாம கிரில் மாட்டினா தெரு நகர்ந்து வழி விடுமா?" என்றார். "மறையத்தானே செய்யும்." பிறகு சிரித்தார். ஆறு நாளில் முதல் தடவை. "இத்தனை வருஷம் ஜன்னல் செய்யறேன், எனக்குத் தோணல பாரு."

பக்கத்து மெடிக்கல் ஷாப் போனிலிருந்து மாளவிகா அக்காவுக்குப் பேசினேன். காகிதத்தையும் ஸ்கேலையும் பற்றிச் சொன்னேன்.

"ஐயையோ" என்றார் அக்கா, மெதுவாக. "பட்டை எவ்ளோ அகலம்?"

தாளை விரித்தேன். அன்றைக்கு வேண்டாமென்று நான் விட்ட வரிகளில் ஒன்று அது. ஒரு புள்ளியின் அளவு: 0.255 மில்லிமீட்டர். இரண்டு சட்டமும் சேர்ந்து முப்பத்தாறு மில்லிமீட்டர். வகுத்தேன்.

"நூத்தி நாப்பத்தொரு புள்ளி அக்கா."

மே 13, செவ்வாய்

பத்ரி சார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "காட்டறதுக்கு சுவர் கட்டிட்டு, படத்த ஒளிக்கச் சொல்றீங்களா?" அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. "திரையில இருக்கற எல்லாப் புள்ளியும் எரியும் சார். படத்தத்தான் பெரிசாக்கறோம். பட்டைக்குப் பின்னாடி இருக்கறது பின்னாடி இருக்கட்டும்." ஒரு எண்ணை மாற்றி எழுதினார். ஒரே ஒரு எண், பூஜ்யம் இருந்த இடத்தில் நூற்று நாற்பத்தொன்று. எட்டுக் கம்ப்யூட்டரும் அணைந்து, ஒவ்வொன்றாக எழுந்தன. சோம்பேறிதான் கடைசி.

ஏணி நேராக நின்றது. மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைவரை, பட்டைக்குப் பின்னால் நுழைந்து நுழைந்து வந்தது. சக்கரம் வட்டமானது. துரைராஜ் அண்ணன் விசில் அடித்தார், ஏசி அறையில்.

பத்ரி சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "பாய், ஸ்டாண்டு நேரா இருக்கு."

"அது முதல்லேருந்தே நேராத்தான் இருந்துது சார்."

"ஆமா பாய். ஒரு புள்ளிகூட ஒளியக்கூடாதுன்னு சொன்னது நான்தான்."

அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதற்குமேல் அவரைக் கோபிக்க முடியவில்லை.

மே 16, வெள்ளி

திருகு ஏதாவது தளர்ந்தால் பார்க்க அத்தாவை இருக்கச் சொல்லியிருந்தார்கள். ஜும்ஆ தொழுதுவிட்டு நேராக வந்தார், நான் அவரோடு. கப்பல்காரர்கள் ஐந்து பேர். ஒவ்வொருவராகத் தொப்பி போட்டு நடந்தார்கள். கடைசியில் அவர்களில் நரைத்த ஒருவர், "இந்த ஸ்டாண்டு செஞ்சவரு யாரு? அவரும் போட்டுப் பாக்கட்டுமே" என்றார்.

அத்தா தலையில் வெள்ளைத் தொப்பி. அதன் மேலேயே விளக்குத் தொப்பியை மாட்டிக்கொண்டார். இரண்டு அடி நடந்தார். அறை நகர்ந்தது. நின்றார். எதிரே ஒரு பெரிய குழாய். வலது பக்கம் சாய்ந்து அதற்குப் பின்னால் பார்த்தார், இடது பக்கம் சாய்ந்து பார்த்தார். பிறகு இடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கையைத் தலையில் வைத்துக்கொண்டு, குனிந்து குழாய்க்கு அடியில் நுழையப் போனார்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அத்தாதான் அதிகமாகச் சிரித்தார். பிறகு என் முறை. அதைப் பற்றி இன்று எழுத முடியாது. ஜன்னல் வழியாக ஒரு கப்பலுக்குள் பார்த்தேன், அவ்வளவுதான். பட்டைகள் எப்போது கண்ணுக்குத் தெரியாமல் போயின என்றே நினைவில்லை.

மே 17, சனி

நடந்து போகும்போது ஒவ்வொரு கம்பத்துக்கும் பின்னால் எட்டிப் பார்க்கிறேன். அம்மா கழுத்து வலியா என்று கேட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

பள்ளி திறந்து ஒரு வாரம். பத்தாம் வகுப்பு. எல்லா டீச்சரும் 'இந்த வருஷம்' என்றே ஆரம்பிக்கிறார்கள்.

கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். அத்தா வந்து நோட்டின் மேல் ஒரு கவரை வைத்தார். நாவலூரிலிருந்து. இரண்டாவது சுவர், முப்பத்திரண்டு திரைகள். வேலையை எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று பத்ரி சார் போனில் கேட்டாராம்.

"என்ன சொன்னீங்க அத்தா?"

"பொண்ணு படிச்சு முடிக்கட்டும்னு சொன்னேன்."

பதினெட்டுப் பக்கம். பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தாவுக்கு வேண்டிய வரிகளையும் படித்தேன், வேண்டாத வரிகளையும் படித்தேன்.