பலகார டின்னும் காட்மியம் அணுவும்

8 ஏப்ரல் 2025, செவ்வாய்

துடிப்பு வந்துவிட்டது. லேசர் பட்ட காட்மியம் ஆவி மின்னி மங்குகிறது. திரையில் அந்த ஒளியைக் காட்டும் கோடு சீராக இறங்காமல் ஏறி இறங்கி நெளிகிறது. ஒரே சமயத்தில் இரண்டு நிலைகளில் கிளர்ந்து நிற்கும் அணு, இரண்டின் ஒளியையும் கலந்து அனுப்பினால் இப்படித்தான் நெளிய வேண்டும். இதற்காகத்தானே இத்தனை வருடம் இந்த ஆய்வகத்தில் கிடக்கிறேன்.

மேற்பார்வையாளர் டாக்டர் கணேசலிங்கம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "இது அணு இல்ல மரீஹா, கேபிள்லா. சிக்னல் மோதித் திரும்பி வருது."

9 ஏப்ரல்

காந்தப்புலத்தை மாற்றினால் அணுவின் துடிப்பு வேகம் மாறும். கேபிள் நெளிவு மாறாது. ஆனால் புலத்தை மாற்றும் பவர் சப்ளை பழுதாகி கோலாலம்பூர் போயிருக்கிறது. இப்போதைக்குப் பூமியின் காந்தமே கதி.

"மாசக் கடைசிக்குள்ள நிரூபிக்கலன்னா அந்த அத்தியாயத்த எடுத்துடு" என்கிறார் டாக்டர். எடுத்தால் ஆய்வேட்டில் மிஞ்சுவது முன்னுரைதான்.

10 ஏப்ரல்

உம்மா டின் நிறையப் பெருநாள் பலகாரம் கொடுத்துவிட்டார். மேசையில் இடமில்லை. ஆவிக்குடுவைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

14 ஏப்ரல்

துடிப்பின் வேகம் மாறியிருக்கிறது. போன வாரக் கோட்டோடு ஒட்டவே இல்லை. நாளுக்கு ஒன்று காட்டினால் யார் நம்புவார்? டாக்டர் சொன்னதுதான் சரியோ — அழுதேன்.

15 ஏப்ரல்

பக்கத்து மேசை ரோகினி அக்கா டின்னைத் தூக்கிக்கொண்டு போனார். "அச்சுமுறுக்கு எனக்கு, அழுகை உனக்கு. சரியாலா?"

சிரித்தபடி திரையைப் பார்த்தேன். துடிப்பு பழைய வேகத்துக்கு வந்திருந்தது.

டின். தகரம் பூசிய இரும்பு டின். பூமியின் புலத்தையே வளைத்திருக்கிறது.

"அக்கா, அதத் திரும்ப வைங்க." மாறியது. "எடுங்க." பழையபடி. கேபிளுக்குப் பலகார டின்னைத் தெரியுமா? அணுவுக்குத்தான் தெரியும். எதைப் பார்த்து நேற்று அழுதேனோ அதுவே ஆதாரம். ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, மக்கு.

18 ஏப்ரல்

டாக்டர் டின்னைத் தானே வைத்தார், எடுத்தார், தள்ளி வைத்தார். கேபிளைக் கழற்றி நீளமானதை மாட்டச் சொன்னார். துடிப்பு கேபிளுக்கு அசையவில்லை, டின்னுக்கு அசைந்தது. பிறகு டின்னைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

"அத்தியாயம் இருக்கட்டும்."

இன்றைக்கு நான் சந்தோஷமாக இருக்கிறேன். அவ்வளவுதான்.

28 ஏப்ரல்

பவர் சப்ளை வந்தது. புலம் ஏற ஏறத் துடிப்பின் வேகமும் ஏறுகிறது.

உம்மா போன் செய்தார். "டின்ன எப்ப கொண்டு வருவ? செலண்டார்ல இருக்கிற மாமிக்குப் பலகாரம் குடுத்துவிடணும்."

அத்தியாயம் திருத்தப்பட்டு மேசைக்கு வந்திருக்கிறது. கருவிகளின் வரைபடத்தில், ஆவிக்குடுவைக்குப் பக்கத்தில், டாக்டர் தன் கையால் சின்னதாக ஒரு வட்டம் போட்டு எழுதியிருக்கிறார்: டின்.

உம்மாவுக்கு வேறு டின் வாங்க வேண்டும்.