கல்லேரி பஸ்ஸில் திட்டு இலவசம்

அக்டோபர் 14, செவ்வாய்

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். எங்கள் கல்லேரி பஸ்ஸில் திட்டும் இலவசம்.

இன்று என் முறை. மழையில் குடையை மடக்காமல் ஏறிவிட்டேன். கண்டக்டர் வல்லரசு, "ஏம்மா, கலெக்டர் ஆபீஸ்ல உக்காந்து ஊரு மனுவெல்லாம் டைப் அடிக்கிற. ஒரு குடையை மடக்கத் தெரியல" என்றார். இந்த மனிதர் மழையைத் திட்டுவார், சிக்னலைத் திட்டுவார், சாலையில் படுத்திருக்கும் மாட்டைப் பெயர் வைத்துத் திட்டுவார். எங்கள் ஊர்க் கபடிப் பெண்கள் ஏழு பேருக்கும் பாரபட்சம் பார்க்காமல் பங்கு பிரித்துக் கொடுப்பார்.

ஆனால் பஸ் நிலையம் தாண்டியதும் என் பக்கத்தில் வந்து நின்று, "ஏழேகால் டிரிப்பை எடுத்துடப் போறாங்க. பதினோரு பேருக்கு ஒரு வண்டியான்னு டிப்போல கேக்கறாங்க. நவம்பர் கடைசி வரைக்கும் கூட்டம் பாப்பாங்களாம். கம்மியா இருந்தா சாயந்தரம் ஆறு மணியோட சரி" என்றார்.

திட்டாமல் சொன்னார். அதனால்தான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 15, புதன்

பெண்களின் பயிற்சி வேங்கிக்கால் மைதானத்தில் முடியவே ஏழு ஆகும். ஆறு மணி பஸ்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கல்லேரியில் பஸ் திரும்பும் இடத்தில் ஆராயி அக்கா டிபன் கடை. இறங்கியதும் எல்லோரும் அங்கேதான். கல் தோசை, வேர்க்கடலைச் சட்னி. அங்கே கேப்டன் பூஜாவின் அப்பா முருகவேல் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பஸ்ஸு இல்லன்னா கபடி இல்லக்கா. இருட்டுல பொண்ணுங்கள ஷேர் ஆட்டோவுல ஏத்தி விட முடியாது."

பூஜா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டிசம்பரில் மாவட்டப் போட்டி.

ஆராயி அக்கா கல்லில் எண்ணெய் விட்டபடி, "அப்ப நானும் மூடிட்டு மக வீட்டுக்குப் போயிடறேன். இந்த டிரிப்பை நம்பித்தான் சாயந்தரம் அடுப்பு பத்த வைக்கிறேன்" என்றாள்.

முருகவேலைக் குறை சொல்ல முடியாது. என் அப்பாவும் இதையேதான் சொன்னார். அப்ப எனக்குப் பதினேழு வயசு, கபடியில லெஃப்ட் கார்னர், என் பிடியில் மாட்டினவ எவளும் கோட்டைத் தொட்டதில்ல. அப்பவும் ஒரு பஸ்ஸைத்தான் நிறுத்தினாங்க. இருபத்தாறு வருஷம் ஆச்சு. இன்னும் கோவம் வருதே எனக்கு — யார் மேலன்னே தெரியாம.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பெண்கள் எழுவரும் மைதானத்துக்குப் போகவில்லை, என் வீட்டு முறுக்கைக் காலி செய்தார்கள்.

அக்டோபர் 27, திங்கள்

நேர்வழியில் போய்ப் பார்த்தேன். இன்று குறைதீர்க்கும் நாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பொதுமக்கள் வரிசையில் நின்று, ஏழேகால் பஸ் வேண்டும் என்று மனு கொடுத்தேன். நாலு மணிக்கு அந்த மனு நம்பர் போட்டு என் மேசைக்கே வந்தது. "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்று திருமதி எழிலரசிக்கு எழிலரசி டைப் அடித்தாள். பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். நானே நம்பவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

இன்று நான் ஒரு காரியம் செய்தேன். நல்லதா கெட்டதா தெரியவில்லை.

ஆசிரமம் ஸ்டாப்பில் ஒரு பெண் ஏறினாள். சென்னை. வெள்ளைப் பருத்திச் சேலை, கழுத்தில் உருத்திராட்சம், முதுகில் பெரிய பை. பெயர் வேதா என்று பிறகு தெரிந்தது. பஸ் நிலையம் போக வேண்டியவள் எதிர்ப்பக்கம் நின்று எங்கள் பஸ்ஸில் ஏறிவிட்டாள். வல்லரசு விடுவாரா?

"போர்டு படிக்கத் தெரியாதா? படிச்ச பொண்ணு மாதிரி இருக்கற. வழியில பையை வெச்சிகினு நின்னா மத்தவன் எப்படிப் போவான்? வூட்டையே தூக்கினு வந்துட்டியா? ஓரமா உக்காரு."

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். "மேடம், இவர் யாரு?"

எங்கள் ஊரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியில் இருந்த ஆசை புரியும். இங்கே கிரிவலப் பாதையில் ஒரு சித்தர் கல்லை விட்டு எறிந்தால் எறி வாங்கியவர் கும்பிடுவார். வாய்க்கு வந்தபடி திட்டினால் கர்மம் தீர்ந்தது என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்வார். வெளியூர் ஆட்கள் அப்படி ஒரு திட்டுக்காக மாதக்கணக்கில் ரூம் எடுத்துத் தங்குகிறார்கள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவர் அப்படித்தாங்க. சும்மா திட்ட மாட்டார். அவர் வாயால திட்டு வாங்கினவங்களுக்கு…" என்று நிறுத்தினேன். மீதியை அவளே முடித்துக்கொண்டாள்.

நவம்பர் 1, சனி

வேதா நாலு பேரைக் கூட்டி வந்தாள். நால்வரும் வேண்டுமென்றே படியில் நின்றார்கள்.

நவம்பர் 3, திங்கள்

பதினெட்டுப் பேர். ஒருவர் பெங்களூர்க்காரர். திட்டு கிடைக்காமல் கல்லேரி வரை தவித்துப் போய், இறங்குகிற நேரத்தில் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி எப்படியோ வாங்கிவிட்டார்.

பஸ் திரும்ப இருபது நிமிஷம் ஆகும். அதுவரை அவர்கள் எங்கே போவார்கள்? ஆராயி அக்கா கடைதான். இன்று மாவு தீர்ந்துவிட்டது. "இன்னாடி நடக்குது? அமைதியா உக்காந்து சாப்பிடறாங்க, சட்னியைக் கண்ணை மூடினு ருசிக்கறாங்க" என்றாள். நான் தெரியாது என்று சொன்னேன். சிரிப்பை அடக்கியதில் வயிறு வலிக்கிறது.

நவம்பர் 5, புதன்

பௌர்ணமி. பஸ் கொள்ளவில்லை. வல்லரசுவின் குரலே கட்டிவிட்டது.

நவம்பர் 8, சனி

கெட்டது காரியம். ஒரு பெரியவர் ஓடும் பஸ்ஸில் அவர் காலில் விழுந்துவிட்டார், கையில் ஆப்பிளுடன். வல்லரசு பயந்துபோய் விசில் ஊத, டிரைவர் பிரேக் போட, ஆப்பிள் கடைசி சீட் வரை உருண்டது. பூஜா எடுத்துக் கடித்துவிட்டாள்.

"என்னை ஏன்யா கும்புடற?" என்றார் வல்லரசு. அவர் திட்டினால் கர்மம் தீருமாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

நவம்பர் 10, திங்கள்

அவர் திட்டுவதை நிறுத்திவிட்டார்.

"அம்மா, கொஞ்சம் உள்ள வாங்க. ஐயா, பார்த்து ஏறுங்க." கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஒருவர் படியில் ஒற்றைக் காலில் தொங்கினார். அவரையும் "தம்பி" என்று கூப்பிட்டார். கபடிப் பெண்கள் அவருக்கு உடம்பு சரியில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள்.

நவம்பர் 12, புதன்

ஒன்பது பேர் குறைந்துவிட்டார்கள். இப்படியே போனால் மாதக் கடைசியில் பழைய பதினோரு பேர்தான். டிப்போவில் கணக்கெடுக்கும் நேரம்.

நான் செய்தது என்ன? ஒரு பாவப்பட்ட மனுஷனோட வாயைக் கட்டிட்டேன். பஸ்ஸும் போச்சு, அவர் நிம்மதியும் போச்சு. ஏமாத்தினதுக்கு அவர் மேல எவனாவது புகார் எழுதினா வேலைக்கே ஆபத்து. நாளைக்குச் சொல்லிடணும். சொல்லிடணும்.

நவம்பர் 13, வியாழன்

சொல்லிவிட்டேன். ஆராயி அக்கா கடையில், பெண்கள் எதிரிலேயே. வேதாவும் இருந்தாள்.

வல்லரசு தோசையைப் பிய்ப்பதை நிறுத்தினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் பாரம் இறங்கும் போல இருந்தது. அவரோ வேதாவிடம் திரும்பி, "நான் கண்டக்டரும்மா. இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ். வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

வேதா புன்னகைத்தாள். "தெரியும் ஐயா. நீங்க அப்படித்தான் சொல்வீங்க."

எதைச் சொன்னாலும் நம்புகிறவர்களிடம் உண்மையைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று இன்று கற்றுக்கொண்டேன்.

வேதாவும் கூட்டமும் பஸ் ஏறிய பிறகு அவர் என்னிடம் வந்தார். "இந்தப் பொண்ணுங்க பஸ்ஸுக்காகவா பண்ண?"

"ஆமாங்க."

கை கழுவிவிட்டு நெடுநேரம் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் யாரையும் பொய்யாத் திட்டினதில்ல. கோவம் வந்தாத்தான் வாயில வரும். இப்ப வர மாட்டேங்குது. எவனாவது என்னைப் பாத்தா கும்புடறானோன்னு கூச்சமா இருக்குது." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ வேணா எழுதிக் குடு. படிச்சிட்டுச் சொல்றேன்" என்றார்.

நவம்பர் 14, வெள்ளி

மதிய இடைவேளையில் பதினைந்து திட்டு டைப் அடித்தேன். படியில் நிற்பவருக்கு ஆறு, பை வைத்திருப்பவருக்கு நாலு, போனில் கத்துபவருக்கு மூன்று, பொது இரண்டு. பக்கத்து மேசைக்காரி என்ன என்று கேட்டாள். சுற்றறிக்கை என்றேன்.

நவம்பர் 17, திங்கள்

முதல் நாள் படுதோல்வி. சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பார்த்து, "நீ… படியில்… நிற்பது… முறையா?" என்றார். நான் எழுத்துத் தமிழில் அடித்துக் கொடுத்தது என் தவறு. நின்றிருந்தவர் அந்தக் காகிதத்தையே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

நவம்பர் 19, புதன்

பேச்சு வழக்கில் மாற்றி எழுதினேன். பூஜாவும் மற்ற பெண்களும் உதவினார்கள். வயசுக்கு மீறிய வார்த்தைகள் அவர்களுக்குத் தெரிந்திருக்கின்றன. பாதியை அடித்துவிட்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

அறுபது பேர். இன்று அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. பெங்களூர்க்காரர் மீண்டும் ஜன்னலில் கையை நீட்ட, "உனக்கு எத்தினி வாட்டி சொல்றது? கை ஜாஸ்தியா வளந்திருக்குதா?" என்று வந்தது பாருங்கள், அது நான் எழுதியதில்லை. அசல் சரக்கு. பெண்கள் கை தட்டினார்கள். அவர்களுக்கும் விழுந்தது.

நவம்பர் 26, புதன்

ஆசிரமம் ஸ்டாப்பில் காக்கி பேன்ட், கட்டம் போட்ட சட்டை போட்ட ஒருவர் ஏறிப் படியிலேயே நின்றுகொண்டார். வல்லரசு முழு வேகத்தில் இருந்தார். "தொப்பையை உள்ள தள்ளு, அப்புறம் நீ உள்ள போ. கவர்மென்ட் வண்டின்னா உங்கப்பன் வூட்டு வாசப்படியா?"

அந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். செக்கிங் இன்ஸ்பெக்டர். கூட்டம் கணக்கெடுக்க வந்தவர்.

வல்லரசு முகம் வெளுத்துவிட்டது. இன்ஸ்பெக்டர் தலைகளை எண்ணினார், ஏதோ எழுதினார், கல்லேரியில் இறங்கினார். தோசை கூடச் சாப்பிடவில்லை.

என் தப்பு. எல்லாம் என் தப்பு.

நவம்பர் 27, வியாழன்

மெமோ வரவில்லை. வல்லரசு யாரையும் திட்டவில்லை, என்னையும்.

நவம்பர் 30, ஞாயிறு

இன்னும் வரவில்லை.

ஞாயிறானாலும் பெண்களுக்குப் பயிற்சி, துணைக்குப் போய்த் திரும்பினேன். ஆசிரமம் ஸ்டாப்பில் அந்த இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். வேட்டி, நெற்றி நிறைய விபூதி. பக்கத்தில் மனைவி, கல்யாண வயதில் ஒரு மகள். மூவரும் ஏறினார்கள். உள்ளே இடம் இருந்தும் மூவரும் படியிலேயே நின்றார்கள்.

வல்லரசு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரித்தால் செத்தேன்.

"ஏம்மா," என்று அந்த அம்மாவிடம் தொடங்கினார், குரல் நடுங்க, "வூட்டுக்காரருதான் சொன்னா கேக்கல. நீயாவது பொண்ண இழுத்துகினு உள்ள போகக் கூடாதா?"

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

டிசம்பர் 2, செவ்வாய்

டிப்போ பலகையில் ஒட்டிவிட்டார்கள். ஏழேகால் டிரிப் தொடரும். ஆராயி அக்கா புது தோசைக்கல் வாங்கியிருக்கிறாள். நாளை தீபம், ஊர் கொள்ளாது. ஆபீசில் எனக்கு மூன்று நாள் சிறப்புப் பணி.

டிசம்பர் 14, ஞாயிறு

போட்டி. கல்லேரியில் பாதி ஊர் வந்திருந்தது. வேதா தன் கூட்டத்தோடு வந்து, எப்போது கத்த வேண்டும் என்று தெரியாமல் எல்லா நேரமும் கத்தினாள். முருகவேல் மகள் ஆடி இதுவரை பார்த்ததே இல்லையாம். பூஜா மூன்று பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டபோது அவர் எழுந்தவர், அப்புறம் உட்காரவே இல்லை.

அரையிறுதியில் ஒரு பாயின்ட்டில் தோற்றோம்.

ஏழேகால் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். பூஜா முழங்காலில் மண்ணோடு ஜன்னலில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். முருகவேல் என்ன செய்வது என்று தெரியாமல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்த வல்லரசு அவள் சீட்டருகே நின்றார். எல்லோரும் காத்திருந்தோம், எப்படியும் ஒன்று விழும் என்று.

"நாளைக்குப் பிராக்டிஸ் இருக்குதுல்ல?" என்றார்.

பூஜா அப்பாவைப் பார்த்தாள். முருகவேல் கண்டக்டரைப் பார்த்தார். "வண்டி வருமாங்க?"

"வரும்."

அவ்வளவுதான். அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது, வயசுக்கு ஏற்ற மாதிரி அடக்கவும் முடியவில்லை. பின் சீட்டுச் சென்னைக்காரர் பொறாமையோடு பார்த்து, "உங்களுக்கு என்ன சொல்லித் திட்டினார்?" என்று கேட்டார்.