அக்காவின் இரத்தம்

மூவார்
3.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் நலம்தான் தெரிவதில்லை. போனில் பேசினால் உடனே என் கல்யாணப் பேச்சு வந்து சண்டையில் முடிகிறது. அதனால்தான் எழுதுகிறேன். எட்டு வருடம் முன்பு நீ ஏன் அதற்கு வரவில்லை என்று இன்று கேட்கப்போவதில்லை.

எனக்கு ஏழாவது மாதம். என் இரத்தம் ஓ நெகட்டிவ், பிள்ளையுடையது பாசிட்டிவ். என் உடம்பு அதைப் பகையாக நினைத்துப் பிள்ளையின் இரத்தத்தை அழிக்கிறதாம். போன வருடம் நான்காம் மாதத்தில் கலைந்ததே, அப்போதே ஊசி போட்டிருக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே படுத்துக் கிடந்தேன். யாருக்குத் தெரியும்?

பிறந்ததும் பிள்ளைக்கு இரத்தத்தையே மாற்ற வேண்டி வரலாம். இங்கே நெகட்டிவ் கிடைப்பது அபூர்வம். சொந்தத்தில் யாராவது இருந்தால் முன்கூட்டியே சோதித்து வைக்கச் சொன்னார் டாக்டர். நம் இருவருக்கும் ஒரே இரத்தம் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பாரே. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள், அக்கா?

உன் தங்கை,
பிரேமலா

ஜொகூர் பாரு
11.3.2024

அன்புத் தங்கை பிரேமலாவுக்கு,

கடிதம் கண்டேன். இதற்குப் போய் இவ்வளவு கெஞ்சுவானேன்? சனிக்கிழமை போய்க் கொடுத்துவிடுகிறேன். சிங்கப்பூர் வேலை, பஸ், வீடு என்று கிடக்கிற உடம்பு. யாருக்காவது பயன்படட்டும்.

நேற்று முழுக்க யாரோடும் பேசவில்லை என்பது இன்று காலை பஸ் டிரைவரிடம் வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

நீ தண்ணீர் வாளியைத் தூக்காதே. உன் மகள் லோஷினி பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு போகிறாளே, நான் அனுப்பிய பை பிடித்திருந்ததா?

அன்புடன்,
கஸ்தூரி

ஜொகூர் பாரு
19.3.2024

பிரேமலா,

என்னால் இரத்தம் கொடுக்க முடியாது. வேறு யாரையாவது பார். காரணம் கேட்காதே.

கஸ்தூரி

மூவார்
24.3.2024

அக்கா,

கேட்கத்தான் செய்வேன். என் கல்யாணத்துக்கு ஊரே வந்தது. பெண்ணின் அக்கா எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா ஓவர்டைம் என்று சொல்லிச் சமாளித்தாள். இப்போது என் பிள்ளை உயிருக்குப் போராடும்போதும் நீ வரமாட்டாய். ஒரு ஊசி குத்துவதற்கா பயம்?

இனி எழுத மாட்டேன். லோஷினிக்கும் ஒன்றும் அனுப்பாதே.

பிரேமலா

ஜொகூர் பாரு
1.4.2024

பிரேமலா,

சொன்னபடி சனிக்கிழமை போனேன். சோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். திங்கட்கிழமை மறுபடி கூப்பிட்டார்கள். தாதி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கக்கா?"

கல்யாணமே ஆகவில்லை என்றேன். அவள் அப்புறம் தலை நிமிரவில்லை. உன் இரத்தத்தில் இருக்கும் அதே பகை என் இரத்தத்திலும் இருக்கிறதாம். அந்த இரத்தத்தைக் குழந்தைக்கு ஏற்ற முடியாதாம். வேறு இரத்தம் ஏறாத உடம்பில் அந்தப் பகை பிள்ளை சுமந்தால்தான் வருமாம்.

உன் கல்யாணத்தன்று எனக்கு ஏழு மாதம். அந்த வயிற்றோடு மண்டபத்துக்கு எப்படி வருவேன்? அவன் அதற்கு முன்பே என்னை விட்டுப் போய்விட்டான். மறு மாதம், நாளாகும் முன்பே பெண் பிறந்தாள். ஒரு பிற்பகல் இருந்தாள். அம்மா கடைசிவரை தெரியாமலே போய்ச் சேர்ந்தாள்.

அவளை நான் பெற்றேன் என்பதற்கு இந்த உடம்பு ஒன்றுதான் சாட்சி. அது உன் பிள்ளைக்கு உதவாமல் போனதுதான் தாங்கவில்லை.

வெறுத்தால் வெறுத்துக்கொள். அந்தப் பையை மட்டும் திருப்பி அனுப்பாதே.

கஸ்தூரி

மூவார்
20.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்தது கோபத்தால் அல்ல, வெட்கத்தால். நீ அங்கே தனியாகக் கிடந்தபோது நான் மாலையும் கழுத்துமாக உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேனே.

பையன் பிறந்துவிட்டான். கோலாலம்பூரிலிருந்து இரத்தம் வந்தது, முகம் தெரியாத யாரோ கொடுத்தது. கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் போட்டிருந்தார்கள். இப்போது மஞ்சள் காமாலை இறங்கிவிட்டது. பிழைத்துக்கொண்டான்.

இந்த வீட்டுக்குத் தான்தான் மூத்தவள் என்று லோஷினி தம்பியிடம் பீற்றிக்கொண்டிருந்தாள். இல்லை, உனக்கே ஓர் அக்கா இருந்தாள், பெரியம்மாவின் மகள் என்று சொல்லிவிட்டேன். பெயர் என்ன என்று துளைத்தெடுக்கிறாள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்துவிட்டது. நீயே அவளுக்கு எழுதேன்.

உன் தங்கை,
பிரேமலா

ஜொகூர் பாரு
27.5.2024

அன்புள்ள லோஷினிக்கு,

உன் அக்காவின் பெயர் தேன்மொழி. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை.

இப்படிக்கு,
பெரியம்மா