நாலு நிமிடத்துக்கு ஒரு பலகை

அன்புள்ள அத்தானுக்கு,

சந்தி ஸ்ரேஷனை மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைக் கழற்றி, சிலிப்பர் கட்டைகளைத் தோட்டக்காரர்களுக்கு விற்றுவிட்டார்கள். நீங்கள் கொடி காட்டிய இடத்தில் சனங்கள் உல்லாசமாக நடக்கவும் சைக்கிள் ஓடவும் பாதை போடுகிறார்கள். சாமான் கொட்டகையை விலைக்கு எடுத்தது நான்.

கோபிக்காதீர்கள். டண்டினொங்கில் இருக்கும் என் கடைக்குப் பின்னால் அரிசி மூட்டை அடுக்க இடமில்லை. நல்ல மரம், நல்ல தகரம், வேறு கேட்பாரும் இல்லை. மாத முடிவுக்குள் கழற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் பேச்சு.

இந்தக் கடிதம் சங்க மலரில் வரப்போகிறது. உங்களைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பக்கத்து மரத்துக்கு ஒரு பாதை, உருளைக்கிழங்குக்கும் பாலுக்கும் ஒரு பாதை. இரண்டும் சேர்ந்ததால் வந்தது அந்தச் சந்தி. பிறகு றோட்டு நல்லாயிற்று, லொறி பெருகியது, ரயில் வெறுமையாய் ஓடியது. நானும் என் சாமானை லொறியில்தான் எடுத்தேன். அந்த ரயிலை முடித்தவர்களில் நானும் ஒருவன், மறைக்க மாட்டேன்.

வெள்ளையரை மட்டும் எடுத்த இந்த நாடு நம்மையும் உள்ளே விடத் தொடங்கிய முதல் வருசங்களில் வந்தவர் நீங்கள். இலங்கையில் வெள்ளை உடுப்போடு ஸ்ரேஷன் மாஸ்டராய் இருந்தவர், இங்கே மேடை கூட்டி, மூட்டை இறக்கி, கொடி காட்டினீர்கள். ஒரு நாளாவது அதைக் குறைவாகச் சொன்னீர்களா?

ஆனால் ஊர்ப் பழக்கம் ஒன்றை மட்டும் விடவில்லை. மெயின் ரயில் பிந்தினால் கிளை ரயில் காத்திராமல் போய்விட வேண்டும் என்பது இங்கத்தைய விதி. நீங்கள் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பீர்கள், மேடை மாறி ஓடிவரும் கடைசி ஆள் ஏறும்வரை. நாலு நிமிடம். அங்கே அப்படி நின்றால் நல்ல மனுசன் என்பார்கள். இங்கே புகார்க் கடிதம் வந்தது.

நானும் உங்களைப் பேசினேன். "அத்தான், இது உங்கட ஊர் லைன் இல்லை. வேலையைத் துலைச்சுப்போட்டு என்ரை கடையிலை மூட்டை தூக்கப்போறியளோ?"

"ஆள் ஓடிவாறது கண்ணுக்குத் தெரியுது மச்சான். பிறகு எப்பிடிக் கொடி காட்டுறது?"



போன சனிக்கிழமை லொறியும், தகரம் நெம்ப அலவாங்கும், இரண்டு ஆட்களுமாகப் போனேன். அக்காவும் புட்டுப் பார்சலோடு கூட வந்தா. முதல் தகரத்தைக் கிளப்பும்போது கவுன்சில் அதிகாரி காரில் வந்து இறங்கினார். நடக்கிறவர்கள் மழைக்கு ஒதுங்க அந்தக் கொட்டகை வேண்டுமாம். கொடுத்த விலையைத் திருப்பித் தருகிறாராம். முன்னால் சந்தியின் சரித்திரத்தை எழுதிய பலகை ஒன்றும் நிற்குமாம்.

"சரித்திரத்தைக் காட்டும் பாப்பம்" என்றேன், இங்கிலிஸில்தான்.

தட்டச்சு செய்த தாளைத் தந்தார். முதல் ரயில் இருந்தது. காட்டுத்தீ இருந்தது. வேலை செய்தவர்களின் பெயர்கள் வரிசையாய் இருந்தன. நீங்கள் இல்லை.

கேட்டேன். மூன்று வருசம் இருந்த போர்ட்டர்தானே என்றார். அவருடைய பைலில் புகார் வேறு இருக்கிறது என்றார்.

அத்தான், வியாபாரத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வாங்குகிறவருக்கு அவசரம் என்றால், விற்கிறவர் ஆறுதலாய் உட்கார வேண்டும். லொறியில் கிடந்த மடக்குக் கதிரையை எடுத்துக் கொட்டகை வாசலில் போட்டு உட்கார்ந்தேன்.

"டேய் தம்பி, உனக்கென்ன விசரே? தகரம் கழட்ட வந்தனியோ, சண்டை பிடிக்க வந்தனியோ?" என்றா அக்கா.

"ரெண்டுக்கும்தான். நீ புட்டைப் பிரி."

அதிகாரி மூன்று முறை காருக்குப் போய்த் திரும்பி வந்தார். நாங்கள் சாப்பிட்டு முடித்தோம். வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்களுக்குள் இருந்து பால்பண்ணைக்காரி ஒருத்தி முன்னுக்கு வந்தா. புருசன் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் கிழமைக்கு ஒருமுறை கிளை ரயிலில் போனவவாம்.

"அந்த நாலு நிமிடமும் எனக்காகத்தான்" என்று அதிகாரியிடம் சொன்னா. "ரயில் போயிருந்தால் என் மனிசனைக் கடைசியாய்ப் பார்த்திருக்க மாட்டேன். அதையும் உங்கள் சரித்திரத்தில் போடுங்கள்."

அக்கா அழவில்லை. மிச்சப் புட்டை அவவுக்குக் கோப்பையில் போட்டுக் கொடுத்தா. சம்பல் காரமாம். என்றாலும் முழுக்கச் சாப்பிட்டா.

உங்கள் பெயரைப் போட அதிகாரி இணங்கினார். ஆனால் பரராஜசிங்கம் என்ற பெயர் நீளம், பலகையில் இடம் போதாது, ஸ்ரேஷனில் கூப்பிட்டதுபோல 'சிங்' என்று போடலாமா என்று கேட்டார்.

"பலகையை நீட்டுங்கோ" என்றேன்.

திரும்பி வரும்போது அக்கா கேட்டா: "ரயில் போன பாதையிலை சும்மா நடக்கிறதுக்கோ ஆக்கள் வருவினம்?" தெரியவில்லை அத்தான். வரட்டும். வருகிறவர்கள் உங்கள் பெயரைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர்கள் அதைச் சரியாய் உச்சரிப்பார்களோ, மாட்டார்களோ, அது அவர்கள் பாடு.

என் வாக்கு இது: நான் நடக்கக்கூடியவரை ஒவ்வொரு வருசமும் உங்கள் திவசம் முடிந்த கிழமை அங்கே போய் அந்தப் பலகையைப் பார்ப்பேன். அலவாங்கும் இன்னும் லொறியில்தான் கிடக்கிறது.

பேசி முடித்துக் கையெழுத்து வைத்தது இப்படி. கொட்டகை நின்ற இடத்திலேயே நிற்கும், கதவுக்குப் பூட்டில்லை, அதற்கு ஒரு சதமும் நான் வாங்கவில்லை. உங்கள் முழுப்பெயர் மற்றவர்களின் பெயர்களோடு அதே அளவு எழுத்தில் இருக்கும். அதன் கீழே புகாரில் உள்ளபடியே, 'ரயிலை நாலு நிமிடம் தாமதிக்கச் செய்தார்' என்ற வரி இருக்கும். பெயரையோ வரியையோ எடுத்தால், அன்றிலிருந்து கொட்டகை திரும்பவும் என்னுடையது.

உங்கள் மச்சான்,
அக்காவின் ஒரே தம்பி